டிராக்கில் பெரிய ஸ்போர்ட்ஸ் கார் வேகமா, சின்னது வேகமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிராக்கில், கார்களை நிறுத்தித் தயார் செய்யும் பேடாக் நிழலில் டீ குடிக்கும்போது கேட்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில், வீடியோ பார்த்துவிட்டு வந்த தம்பிகள் கேட்பார்கள். கேள்வி ஒன்றுதான், வடிவம்தான் மாறும். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

பெரிய கார், சின்ன கார் என்று எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்?

எடையை வைத்து. 1,100 கிலோவுக்குக் கீழே இருந்தால் சின்னது, 1,400-ஐத் தாண்டினால் பெரியது. நடுவில் இருப்பவை சண்டை போட. இது என் சொந்தக் கணக்கு, எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது.

1996-ல் வந்த முதல் லோட்டஸ் எலீஸ் 725 கிலோ, 120 குதிரைத்திறன். இப்போதைய மஸ்டா எம்எக்ஸ்-5 சுமார் 1,050 கிலோ, 184 குதிரைத்திறன். அந்தப் பக்கம் 2007-ல் வந்த நிசான் ஜிடி-ஆர் 1,740 கிலோ, 480 குதிரைத்திறன். இதில் எம்எக்ஸ்-5ஐயும் ஜிடி-ஆரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எது வேகம்?

கடிகாரத்தை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் பெரிய கார்தான். இதைச் சொன்னதும் சின்ன கார் ரசிகர்கள் முகம் வாடிவிடும். நானும் அந்தக் கட்சிதான், ஆனாலும் உண்மை அது. ஆனால் காகிதத்தில் உள்ள பவர் வித்தியாசத்தைப் பார்த்து நாம் எதிர்பார்க்கும் இடைவெளி டிராக்கில் வருவதே இல்லை. அது எங்கே கரைந்து போகிறது என்பதுதான் சுவாரசியம்.

பவர் நாலு மடங்கு என்றால் லேப் டைமும், அதாவது ஒரு சுற்றுக்கான நேரமும், எக்கச்சக்கமாகக் குறைய வேண்டாமா?

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபவை எடுத்துக்கொள்வோம். 1927-ல் திறந்தது, ஒரு சுற்று 20.832 கி.மீ., மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏறக்குறைய 300 மீட்டர் உயர வித்தியாசம். கார் கம்பெனிகள் எல்லாம் அங்கே போய் நேரம் பதிவு செய்வதால் ஒப்பிட வசதி.

ரிமாக் நெவேரா என்ற எலெக்ட்ரிக் கார் 2023-ல் அங்கே 7 நிமிடம் 5.298 விநாடியில் சுற்றியது. அதன் பவர் 1,914 குதிரைத்திறன், எடை சுமார் 2,300 கிலோ. அதற்கு இரண்டு வருடம் முன்னால் போர்ஷே 718 கேமன் ஜிடி4 ஆர்எஸ் அதே முழுச் சுற்றை 7 நிமிடம் 9.3 விநாடியில் முடித்திருந்தது. அதன் பவர் 500 குதிரைத்திறன், எடை 1,415 கிலோ. பவர் ஏறக்குறைய நாலு மடங்கு, லாபம் நாலு விநாடி!

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 2022-ல் போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் 6 நிமிடம் 49.328 விநாடி எடுத்தது. அதற்கு 525 குதிரைத்திறன்தான், எடை 1,450 கிலோ. கேமனை ஓட்டிய அதே யோர்க் பெர்க்மைஸ்டர்தான் இதையும் ஓட்டினார். அதாவது கேமனைவிட 25 குதிரைத்திறன் கூட, 35 கிலோ கூட, ஆனால் 20 விநாடி முந்துகிறது. ரிமாக்கை 16 விநாடி முந்துகிறது.

பவர் பெரிசா, எடை பெரிசா என்று மட்டும் வாதாடிக்கொண்டிருந்தால் இந்த 20 விநாடி எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை புரியாது. வந்தது காற்றிலிருந்தும் டயரிலிருந்தும். ஜிடி3 ஆர்எஸ்ஸின் பின்னால் நிற்கும் அந்தப் பெரிய விங்கும் முன்பக்க வேலைப்பாடும் சேர்ந்து மணிக்கு 285 கி.மீ. வேகத்தில் 860 கிலோ டவுன்ஃபோர்ஸ் தருகின்றன. ஒரு மாருதி 800-ஐவிடக் கனமான ஏதோ ஒன்று கூரை மேல் உட்கார்ந்து டயரை ரோட்டில் அமுக்குகிறது, ஆனால் வளைவில் அதை இழுத்துக்கொண்டு திரும்ப வேண்டிய சுமை இல்லை. இலவசக் கனம்!

எடை குறைவாக இருந்தால் வளைவில் என்ன லாபம்? எடை கூடினால் கிரிப்பும் கூடுமே?

கூடும். ஆனால் அதே விகிதத்தில் கூடாது. பள்ளிக்கூடத்தில் படித்த உராய்வு விதிப்படி பார்த்தால் எடை என்னவாக இருந்தாலும் வளைவு வேகம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ரப்பர் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. டயர் மேல் பாரம் ஏற ஏற, ஒவ்வொரு கிலோவுக்கும் அது தரும் பிடிமானம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பாரத்தை இரட்டித்தால் பிடி இரட்டிப்பாகாது, அதற்குக் கீழேயே நின்றுவிடும். வளைவில் பாரம் வெளிப்பக்க டயர்களுக்கு மாறுவதால் கனமான கார் அங்கே இன்னும் திணறும்.

ஜிடி-ஆரை உருவாக்கிய தலைமைப் பொறியாளர் கசுடோஷி மிசுனோ இதற்கு நேர் எதிராக வாதாடியவர். டயரை அழுத்த எடை வேண்டும், அதனால் இந்தக் காருக்கு இந்த எடை தேவைதான் என்றார். பலர் சிரித்தார்கள். அப்புறம் 2008-ல் அந்த கார் நார்ட்ஷ்லைஃபவில் ஏழரை நிமிடத்துக்குள் சுற்றியபோது சிரிப்பு நின்றது. என்னைக் கேட்டால் மிசுனோ சொன்னதில் பாதி நியாயம். நாலு சக்கரத்துக்கும் பவர் அனுப்பும் ஏற்பாடும் அகலமான டயரும் இருந்ததால் அந்த எடையை அந்தக் காரால் சமாளிக்க முடிந்தது. அதே ஏற்பாட்டோடு 200 கிலோ குறைந்திருந்தால் இன்னும் வேகமாகத்தான் போயிருக்கும்.

அப்படியானால் டயர் அகலம்தான் ரகசியமா?

பெரிய பங்கு அதற்குத்தான். ஒரு சின்னக் கணக்கு போடுவேன், யாரும் போடலாம். நாலு டயரின் அகலத்தையும் மில்லிமீட்டரில் கூட்டி, காரின் எடையை அதால் வகுக்க வேண்டும். எம்எக்ஸ்-5க்கு நாலும் 205, மொத்தம் 820. எடை 1,050. ஒரு மில்லிமீட்டருக்கு 1.28 கிலோ. ஜிடி-ஆருக்கு முன்னால் 255, பின்னால் 285, மொத்தம் 1,080. எடை 1,740. ஒரு மில்லிமீட்டருக்கு 1.61 கிலோ. கனமான காரின் டயர் எவ்வளவு உழைக்கிறது என்று இங்கேயே தெரிந்துவிடும்.

இப்போது 911 ஜிடி3 ஆர்எஸ். முன்னால் 275, பின்னால் 335, மொத்தம் 1,220. எடை 1,450. ஒரு மில்லிமீட்டருக்கு 1.19 கிலோ! எம்எக்ஸ்-5ஐவிட 400 கிலோ கனமான கார், ஆனால் அதன் டயருக்கு எம்எக்ஸ்-5ஐவிடக் குறைந்த வேலை. பார்க்கப் பெரிசு, டயரைப் பொறுத்தவரை அது சின்ன கார்.

ரப்பர் கலவை, டயரின் கட்டுமானம், காற்றழுத்தம் என்று இன்னும் நூறு விஷயம் இருக்கிறது. ஆனால் பேடாக்கில் நின்றுகொண்டு மதிப்புப் போட இந்த ஒரு எண் போதும்.

நேர்ப்பாதையில் சின்ன கார் ஏன் அடி வாங்குகிறது? எடை குறைவுதானே, பறக்க வேண்டாமா?

வளைவிலிருந்து வெளியே வரும்போது பறக்கும். மணிக்கு 100, 120 வரைக்கும் எடைக்கேற்ற பவர் இருந்தால் போதும். அதற்கு மேலே போகப் போக எதிரி எடை இல்லை, காற்று. காற்றைத் தள்ளத் தேவையான பவர், வேகத்தை அதே வேகத்தால் இரண்டு தடவை பெருக்கிய கணக்கில் ஏறும். 200-லிருந்து 250-க்குப் போக, வேகம் கால் பங்குதான் கூடுகிறது, காற்றுக்குக் கொடுக்க வேண்டிய பவர் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அந்த இடத்தில் 184 குதிரைத்திறன் வைத்திருப்பவர் மூச்சு வாங்குவார், 480 வைத்திருப்பவர் இன்னொரு கியர் போடுவார். காற்றுக்குக் காரின் எடை தெரியாது, முகப்புப் பரப்பும் வடிவமும்தான் தெரியும்.

கேட்டர்ஹாம் செவன் மாதிரிக் கார்களுக்கு இது இன்னும் கொடுமை. 600 கிலோகூட இருக்காது, வளைவில் எதையும் துரத்தும். ஆனால் வெளியே துருத்தி நிற்கும் சக்கரங்களோடு, காற்றுக்கு முன்னால் அது ஒரு திறந்த கதவு.

பிரேக்கில் யார் கை ஓங்கும்?

சின்ன கார். அதுவும் நேரம் ஆக ஆக.

200 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது 1,740 கிலோ கார் பிரேக் டிஸ்க்கில் கொட்டும் சூட்டை வைத்து, 30 டிகிரியில் இருக்கும் ஒன்பது லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். 1,050 கிலோ கார் என்றால் ஐந்தரை லிட்டர். இது ஒரே ஒரு தடவை பிரேக் போட்டதற்கு. ஒரு சுற்றில் நாலைந்து பெரிய பிரேக்கிங், ஒரு செஷனில் எட்டு பத்து சுற்று என்று பெருக்கிப் பாருங்கள்.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு ஏப்ரல் மதியம் நண்பர் ஒருவரின் பெரிய கூப்பே காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் மூன்று சுற்று சொர்க்கம். நாலாவதில் பிரேக் மிதி வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஆழமாகப் போகிறது என்றார். ஐந்தாவதில் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு தடவை பம்ப் பண்ணினார், நேரே பிட்டுக்குத் திருப்பிவிட்டார். வண்டி நின்றதும் முன்சக்கரத்திலிருந்து புகையும், கருகின மெழுகு மாதிரி ஒரு வாசனையும். பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. ரோட்டுக்கான சாதாரண ஆயிலோடு வந்தது எங்கள் தப்பு, காரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் போனட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்த அந்த நாற்பது நிமிடமும், எங்களிடம் முதல் மூன்று சுற்றில் ஓரங்கட்டப்பட்ட ஒரு பழைய ஸ்விஃப்ட் எங்கள் முன்னால் சுற்றிக்கொண்டே இருந்தது. ஓட்டிய பையன் ஒவ்வொரு தடவையும் கை காட்டிவிட்டுப் போனான்.

டிராக்கைப் பொறுத்து முடிவு மாறுமா?

மாறும். இதற்கு நான் எப்போதும் சொல்வது 1970-ல் போர்ஷே செய்த காரியம்.

அந்த வருடம் அவர்களிடம் 917 இருந்தது. 12 சிலிண்டர், 4.5 லிட்டர், 580 குதிரைத்திறன் அளவில், எடை 800 கிலோ. உலகத்திலேயே பயங்கரமான பந்தயக் கார் அதுதான். எல்லாப் பந்தயத்துக்கும் அதையே அனுப்பியிருக்கலாம். செய்யவில்லை. வளைவுகள் நிறைந்த இரண்டு பந்தயங்களுக்கென்றே 908/03 என்று தனியாக ஒரு குட்டிக் காரைக் கட்டினார்கள். 3 லிட்டர், 350 குதிரைத்திறன், எடை 545 கிலோ. ஓட்டுபவரின் பாதம் முன் அச்சுக்கும் முன்னால் போய்விடும், அந்த அளவுக்கு முன்னே தள்ளி உட்கார வைத்திருந்தார்கள்.

முதல் பந்தயம் சிசிலித் தீவின் டார்கா ஃப்ளோரியோ. மலைக் கிராமங்களின் நடுவே 72 கி.மீ. ஒரு சுற்று. எந்தக் கார் எது என்று தெரிய முகப்பில் சீட்டுக்கட்டுச் சின்னங்கள் வரைந்திருந்தார்கள். பயிற்சியில் விக் எல்ஃபர்ட் 917-ஐயும் ஓட்டிப் பார்த்தார். முடித்து வந்தபோது அவரைக் காரிலிருந்து தூக்கி இறக்க வேண்டியிருந்தது. பந்தயத்தில் 908/03 முதலிரண்டு இடங்களையும் பிடித்தது. ஜோ சிஃபர்ட்டும் பிரையன் ரெட்மனும் முதலிடம். இரண்டாவதாக வந்த 908/03-ஐ ஓட்டியவர்களில் ஒருவரான லியோ கின்னுனென் ஒரு சுற்றை 33 நிமிடம் 36 விநாடியில் ஓட்டினார், சராசரி வேகம் மணிக்கு 128 கி.மீ.தான். அந்தச் சராசரியில் 580 குதிரைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஐந்து லிட்டர் ஃபெராரி 512 மூன்றாவதாக வந்தது. அதை ஓட்டிய இருவரில் ஒருவர் நினோ வாக்கரெல்லா, அந்தத் தீவுக்காரர், ரோடு முழுக்க மனப்பாடம். அப்படியும் சின்ன கார்களைப் பிடிக்க முடியவில்லை.

அடுத்து மே 31, நூர்பர்க்ரிங் 1000 கி.மீ. அங்கேயும் 908/03 முதலிரண்டு இடம். இரண்டாவதாக வந்தவர்கள் ஹான்ஸ் ஹெர்மனும் ரிச்சர்ட் அட்வுட்டும். இரண்டே வாரம் கழித்து அதே இருவர் 917-இல் ஏறி லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தார்கள். போர்ஷேக்கு அங்கே கிடைத்த முதல் ஒட்டுமொத்த வெற்றி அது. அன்றைய லே மானில் ஆறு கிலோமீட்டர் அளவுக்கு நேர்ப்பாதை, நடுவே வேகத்தடுப்பு வளைவு எதுவும் கிடையாது. அங்கே 908/03-ஐக் கொண்டு போயிருந்தால் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஒதுங்கியே கழுத்து வலித்திருக்கும்.

கார் அகலம் குறைவாக இருப்பது உதவுமா?

டிராக்கில் அவ்வளவாக இல்லை. எம்எக்ஸ்-5க்கும் ஜிடி-ஆருக்கும் அகல வித்தியாசம் 16 சென்டிமீட்டர், பத்துப் பன்னிரண்டு மீட்டர் அகல டிராக்கில் அது ஒன்றுமே இல்லை. கூம்புகளை அடுக்கி நடுவே நெளிந்து போகச் சொல்லும் ஆட்டோகிராஸில், மலையேற்றப் பந்தயத்தில், அங்கேதான் அந்த 16 சென்டிமீட்டர் தங்கம்.

சின்ன கார் நார்ட்ஷ்லைஃபவில் பெரியவர்களை மொத்தமாக வீழ்த்தியது உண்டா?

உண்டு. 2009-ல் ரேடிக்கல் எஸ்ஆர்8 எல்எம் என்ற பிரிட்டிஷ் கார் 6 நிமிடம் 48 விநாடியில் சுற்றியது. ஓட்டியவர் மைக்கேல் வெர்கர்ஸ். 700 கிலோவைத் தொடாத கார், சுஸுகி ஹயபூசா பைக் எஞ்ஜினை அடிப்படையாக வைத்துக் கட்டிய வி8. மேலே சொன்ன ஜிடி3 ஆர்எஸ் அந்த அளவுக்கு வர இன்னும் பதின்மூன்று வருடம் ஆனது.

இதையெல்லாம் ரோட்டு கார் என்று ஒப்புக்கொள்ளலாமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நம்பர் பிளேட் இருந்தது, சட்டப்படி ரோட்டில் ஓடலாம். ஆனால் கூரையும் இல்லை, கதவும் இல்லை. மழை நாளில் அதில் காய்கறி வாங்கப் போய்ப் பாருங்கள்.

நம்ம ஊர் டிராக்குகளில் எப்படி?

இருங்காட்டுக்கோட்டை 3.717 கி.மீ., மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டியது, 1990-லிருந்து ஓடுகிறது. கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கி.மீ. இரண்டும் நெடுக நேர்ப்பாதை உள்ள டிராக்குகள் இல்லை. அதனால் பெரிய காரின் பவர் முழுதாக விரிவதற்குள் அடுத்த வளைவு வந்து நிற்கும். குறிப்பாகக் கரியில். நல்ல டயர் போட்ட ஒரு ஹேட்ச்பேக் அங்கே பெரிய கார்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே வரும்.

அந்த டிராக்குக்குப் பெயர் தந்த கரிவர்தன் மாருதி 800 எஞ்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை உருவாக்கியவர். குறைந்த பவரில், குறைந்த எடையில் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பள்ளிக்கூடமாக அது இருந்தது.

பந்தயங்களில் ஏன் பிரிவு பிரிவாக வைக்கிறார்கள்? எல்லாரும் ஒன்றாக ஓடினால் தெரிந்துவிடுமே?

ஒன்றாகத்தான் ஓடுகிறார்கள், பரிசுதான் தனித்தனி. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி மூன்றாம் இடம் பிடித்ததாக நாம் கொண்டாடியது 992 பிரிவில். அதாவது ஒரே மாதிரி போர்ஷே 911 கப் கார்களுக்குள்.

பிரிவுக்குள் புள்ளி கொடுக்கும் முறை சின்ன கார்களுக்குப் பெரிய வரம். பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன்ஷிப்பை 1962-ல் ஜான் லவ் ஜெயித்தது ஒரு மினி கூப்பரில்! 1964-ல் ஜிம் கிளார்க் 1.6 லிட்டர் லோட்டஸ் கார்ட்டினாவில் ஜெயித்தார், கூட ஓடியவை 7 லிட்டர் ஃபோர்டு கேலக்ஸிகள். நேர்ப்பாதையில் கேலக்ஸி முந்தும், வளைவில் கார்ட்டினா ஒரு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு உள்ளே நுழையும். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள், நான் இங்கே எழுதியதில் பாதி அதிலேயே இருக்கிறது.

இணையத்தில் வரும் லேப் டைம்களை அப்படியே நம்பலாமா?

எந்தத் தூரம், எந்த டயர் என்று கேட்காமல் நம்பாதீர்கள். நார்ட்ஷ்லைஃபவிலேயே இரண்டு அளவு உண்டு. முன்பு பெரும்பாலும் 20.6 கி.மீ. வரை அளந்தார்கள், 2019-லிருந்து முழு 20.832 கி.மீ. அதே கேமன் ஜிடி4 ஆர்எஸ், அதே நாள், பழைய அளவில் 7:04.511, புதிய அளவில் 7:09.300. இதைக் கவனிக்காமல் ஒருவர் பழைய எண்ணையும் இன்னொருவர் புது எண்ணையும் வைத்து மணிக்கணக்கில் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு தடவை போட்டிருக்கிறேன், அது வேறு விஷயம்.

முதல் டிராக் டேவுக்கு, அதாவது சொந்தக் காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, எதை எடுத்துப் போகலாம்?

கையில் இருக்கிற சின்ன காரை. மஸ்டா இந்தியாவில் கார் விற்பதில்லை, எம்எக்ஸ்-5க்கு ஏங்கிப் பயனில்லை. போலோ, ஸ்விஃப்ட் இருந்தால் தாராளம். பெரிய காரில் தப்பு செய்தால் பவர் அதை மறைத்துவிடும், வளைவில் விட்டதை நேர்ப்பாதையில் பிடித்துவிடலாம். சின்ன காரில் ஒரு வளைவில் ஐந்து கி.மீ. வேகத்தை விட்டீர்களென்றால் அடுத்த பிரேக் வரைக்கும் அது திரும்பக் கிடைக்காது. எங்கே தப்பு செய்தோம் என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரியும்.

போவதற்கு முன்னால் பிரேக் ஆயிலை மாற்றுங்கள், பேடு எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள், டிக்கியில் இருக்கும் ஜாக்கி, தண்ணீர் பாட்டில், பிள்ளைகளின் பொம்மை எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். டயர் காற்றை ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் சூட்டோடு பார்க்க வேண்டும், அதனால் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போய் இரவல் கேட்டால் கொடுப்பார்கள், திருப்பித் தரும்வரை நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.